அபார்ட்மென்ட்ல 8 வயசுப் பொண்ணு: ஓடியாட வழி என்ன?

வேளச்சேரிவாசி:
12 வீடு இருக்கிற அபார்ட்மென்ட். கீழே முழுக்க பார்க்கிங், வாசல்ல பைக் பறக்குற சந்து. ஸ்கூல்ல வாரம் 2 பி.டி. பீரியட்தான். சாயங்காலம் ஆனா டிவி. வாரம் 2 நாள் டான்ஸ் கிளாஸ் போட்டா போதுமா?

கயிறாட்டம்:
போதாதுங்க. 5 முதல் 17 வயசு வரை, சராசரியா தினம் 60 நிமிஷம் மூச்சு வாங்க ஆடணும்னு உலக சுகாதார நிறுவனம் 2020ல சொல்லியிருக்கு. வாரம் 3 நாளாவது எலும்பும் தசையும் உறுதிப்படுற ஆட்டமா இருக்கணும். ஒரே தடவையா வேணாம், 15, 20 நிமிஷமா பிரிச்சுக்கலாம். ஆடும்போது பேச வரணும், பாட வரக்கூடாது, அதுதான் அளவு. பாண்டி, ஸ்கிப்பிங் ரெண்டும் நல்லது. கயித்தோட நடுவுல மிதிச்சு நின்னா கைப்பிடி அக்குள் வரைக்கும் வரணும். நீளம் கூடினா காலைத் தட்டும், பிள்ளை ரெண்டே நாள்ல தூக்கிப் போட்டுடும்.

மூணாவது மாடி:
கிளாஸை விட கூட்டுதான் முக்கியம். கீழே நாலு பிள்ளைங்க நின்னா உங்க பொண்ணு தானா இறங்குவா. அசோசியேஷன் கூட்டத்துல "பிள்ளைங்க விளையாடணும்"னு பொதுவா கேட்டா தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. 5:30 முதல் 6:30 வரை, பைக் எல்லாம் ஒரு ஓரம், கேட் பூட்டு, தினம் ஒரு வீட்டுப் பெரியவர் காவல்னு எழுதிக் கொடுங்க. கார் கண்ணாடிதான் சண்டைக்குக் காரணம், அதனால ஸ்பாஞ்ச் பந்து மட்டும். இன்னொண்ணு: பெரிய பசங்க கிரிக்கெட்னு மொத்த இடத்தையும் பிடிச்சுக்குவாங்க, பொண்ணுங்களும் சின்னதுங்களும் தூணோரம் ஒதுங்கிடுவாங்க. முதல் அரை மணி சின்னவங்களுக்குன்னு ஒதுக்கிடுங்க. மொட்டை மாடி வேணாம். பந்து தாண்டிப் போனா பிள்ளை கைப்பிடிச் சுவர்ல ஏறும்.

கயிறாட்டம்:
வீட்டுப் பக்கமும் சொல்லணும். நீங்க தனியா ஜிம் போறதை விட, அவளைக் கூட்டிட்டுப் போய் கூட ஆடுறதுதான் பலன் தரும். மார்க் குறைஞ்சா விளையாட்டை நிறுத்துறதும், தப்புக்குத் தோப்புக்கரணம் போட வைக்கிறதும் வேணாம். உடம்பை அசைக்கிறதே தண்டனைன்னு மனசுல பதிஞ்சுடும். டியூஷனை 5:30ல வைக்காதீங்க, 7க்குத் தள்ளுங்க.

வேளச்சேரிவாசி:
மழைக்காலத்துல?

மூணாவது மாடி:
பார்க்கிங் டைல்ஸ் ஈரமானா வழுக்கும், ஓட விடாதீங்க. வீட்டுக்குள்ள பாட்டுப் போட்டு 20 நிமிஷம் ஆட விடுங்க. கீழ்வீட்டுக்காரங்ககிட்ட நேரத்தை முன்னாடியே சொல்லிடுங்க.