கைமாறிப்போன பொம்மைக் கார் திரும்பி வந்தபோது: உங்கள் அனுபவம்?

அச்சாணி:
மேட்ச்பாக்ஸ் போர்ஷே டர்போ. கதவு இரண்டும் திறக்குமே, அதுதான். பத்து வயதில் அதைக் கொடுத்துவிட்டு ஒரு தீயணைப்பு வண்டியை வாங்கிக்கொண்டேன். மறுநாளே அதன் ஏணி உடைந்தது. முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து அதே காரைத் தேடிப்பிடித்தேன். பார்சலைப் பிரித்த கையோடு மணிக்கட்டில் வைத்து முழங்கைவரை ஓட்டினேன். ஓட்டியதும் கட்டைவிரல் நகத்தால் கதவை நெம்பினேன். அந்த 'டிக்' சத்தம்! அது எனக்கு நினைவிருக்கிறது என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. சரியாக அந்த நேரத்தில் மனைவி உள்ளே வந்தாள். காரைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டேன். சம்பாதிக்கிறவன், தலை நரைத்தவன், சொந்தப் பணத்தில் வாங்கிய பொருளை ஏன் ஒளித்தேன்? ஒரு மாதமாக இதுதான் மண்டையைக் குடைகிறது. அடித்தட்டில் 1978 என்று இருக்கிறது. ஆக, முதலாண்டுச் சரக்கு.

சிவப்புக்கோடு:
முதலாண்டுச் சரக்கு என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? அடித்தட்டில் இருப்பது அந்த வடிவத்துக்கு உரிமை பதிந்த ஆண்டு. கார் வார்க்கப்பட்ட ஆண்டு அல்ல. அதே அச்சில் வருடக்கணக்காக வார்த்துத் தள்ளுவார்கள். ஆண்டை விட்டுவிட்டு ஊரைப் பாருங்கள். லெஸ்னி, இங்கிலாந்து என்று இருந்தால் பழையது. மேட்ச்பாக்ஸைத் தயாரித்த அந்த லெஸ்னி நிறுவனம் 1982இல் திவாலாகி வேறு கைக்குப் போன பிறகு வந்த பலவற்றில் மக்காவ் என்று இருக்கும்.

நானும் இதில் மூக்குடைபட்டவன்தான். ஒரு கண்காட்சியில் ஐந்தாறு பேர் சூழ நின்றிருக்க, ஒரு ஹாட் வீல்ஸ் காரைத் தூக்கிக் காட்டி "இது 1969" என்று விளக்கிக்கொண்டிருந்தேன். விற்பவர் ஒன்றும் சொல்லவில்லை. காரை வாங்கி, சக்கரத்தை விரலால் ஒருமுறை சுழற்றி, "சிவப்புக் கோடு எங்கே தம்பி?" என்றார். 1968இல் தொடங்கி 1977 வரை டயரில் அந்தக் கோடு இருந்தது என்பது எனக்குத் தெரியாததா என்ன! தெரிந்துதான் உளறினேன். இந்தப் பெயரை வைத்துக்கொண்டதே அதன் பிறகுதான்.

மூன்றாவது தட்டு:
என்னுடையது வேறு மாதிரி. சிறுவயதில் இவையெல்லாம் அண்ணனுடைய கார்கள். நான் தொட்டால் அடி விழும். அதனால்தான் நாற்பது வயதில் எனக்கென்று சேர்க்க ஆரம்பித்தேன். ஒரு பெரியவர் தன் முழுப் பெட்டியையும் விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். நாற்பத்திரண்டு கார்கள், ஒவ்வொன்றும் கிழிந்த பனியன் துணியில் சுற்றியிருந்தது. விலை பேசி முடிந்த பிறகும் அவர் பெட்டியின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. "நீங்கள் இவற்றை வைத்து விளையாடுவீர்களா, இல்லை அடுக்கிவைப்பீர்களா?" என்று கேட்டார். "விளையாடுவேன் ஐயா" என்று சொல்லிவிட்டேன். கையை எடுத்துக்கொண்டார்.

எல்லாம் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. துணிகளைக்கூடத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

துத்தநாகம்:
கண்ணாடி அலமாரி என்றதும் பகீர் என்றது. வெயில் படுகிறதா அம்மா? பட்டால் திரை போடுங்கள். சாயம் வெளுத்தால் வெளுத்ததுதான். சில மென்மையான டயர்கள் நாளாக நாளாகப் பிளாஸ்டிக் தட்டை அரித்து ஒட்டிக்கொள்ளும். அடியில் காகிதம் விரியுங்கள். கழுவுவதாக இருந்தால் சோப்புத் தண்ணீர் போதும், ஆனால் உடனே துடைத்து உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் எஃகு அச்சில் துரு ஏறும். ஒட்டுத்தாள் உள்ள காரை நனைக்கவே கூடாது. பெயின்ட் உதிர்ந்த காருக்குப் புதுப் பெயின்ட் அடிக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். அடிக்காதீர்கள், மதிப்பு பாதியாகிவிடும். எந்தக் கார், எப்போது, யாரிடம் வாங்கியது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஈரப்பதம் இல்லாத அறையா என்றும் பாருங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி பொம்மைக் கார் ஒன்றை ஆசையாக வாங்கி வந்து கையில் எடுத்தேன். முன்பக்க மட்கார்டு சுண்ணாம்புக் கட்டி போலப் பொடிந்து உள்ளங்கையில் விழுந்தது. துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற கசடு கலந்திருந்தால் உலோகம் உள்ளுக்குள்ளேயே விரிசல் விடும். அதற்கு மருந்து கிடையாது. பக்கத்துக் காருக்குத் தொற்றும் என்று சிலர் பயமுறுத்துவார்கள், நம்ப வேண்டாம்.

சிவப்புக்கோடு:
மதிப்பு பாதியாகும் என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. ஏற்கெனவே பாதிப் பெயின்ட் போன காருக்கு என்ன மதிப்பு மிச்சம்?

கொக்கி:
அவர் அலமாரியைப் பற்றி யாரிடமும் யோசனை கேட்கவில்லையே!

என் கதையைச் சொல்லிவிடுகிறேன், திட்டுவதாக இருந்தால் திட்டுங்கள். ஹாட் வீல்ஸில் 1995 முதல் 'ட்ரெஷர் ஹன்ட்' என்று அரிய கார்களைச் சாதாரணக் கார்களோடு கலந்து அனுப்புகிறார்கள். முதலாண்டில் பன்னிரண்டு மாடல்கள். இப்போதெல்லாம் அட்டையில் பெரிதாக எதுவும் சொல்ல மாட்டார்கள். காரில் ஒரு சின்னஞ்சிறு குறி இருக்கும், அது கண்ணுக்குத் தெரிந்தால்தான் உண்டு. ஒரு கடையில் கொக்கியில் மாட்டியிருந்த அட்டைகளைப் புரட்டும்போது அது கண்ணில் பட்டது. கை வைத்தேன். கீழிருந்து இன்னொரு கையும் வந்தது. ஐந்தாறு வயதுப் பையன். அவனுக்குக் குறியெல்லாம் தெரியாது. "பச்சைக் கார்" என்றான், அவ்வளவுதான். எனக்கு உயரம் இருந்தது, எடுத்துக்கொண்டேன். அவன் அழவில்லை. வேறொரு காரை எடுத்துக்கொண்டு, போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தான், ஏதோ நானும் அவன் வகுப்புப் பையன் என்பதைப் போல.

நான்கு வருடம் ஆகிறது. அட்டை இன்னும் பிரிக்கப்படவில்லை. விற்கவும் முடியவில்லை.

மூன்றாவது தட்டு:
பிரித்துவிடுங்கள்.

கொக்கி:
நீங்கள் முதலில் விளையாடுங்கள்.

அச்சாணி:
சிவப்புக்கோடு அவர்களுக்கு: பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மக்காவ் என்றுதான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்பா எனக்கு அதை வாங்கித் தந்தது 1984இல். அப்படியானால் நான் கொடுத்துவிட்டு வந்ததும் மக்காவ் கார்தானே? இங்கிலாந்து என்று இருந்திருந்தால்தான் தப்பான காரை வாங்கியிருப்பேன். இன்னொன்று, தலையணைக்கு அடியில் இருப்பது மனைவிக்கு அன்றே தெரிந்துவிட்டதாம். கதவு ஒன்று திறந்தபடி இருந்தது, மூடிவைத்தேன் என்கிறாள்.