நம் குடும்பம் குழு: மாமாவின் ஊசி

வியாழன், மாலை 6.12

பிரபு: அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் கன்னத்தில் திரும்ப வந்திருக்கும் புற்றுநோய்க்குத் திங்கள் முதல் நிவோலுமாப் ஊசி போடப் போகிறார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை 20 மில்லிகிராம், கூடவே மாத்திரைகள். இணையத்தில் தேடினால் இதே மருந்து இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம் என்று இருக்கிறது. நம்மிடம் பணம் இல்லை என்பதால் அளவைக் குறைத்துவிட்டார்களோ என்று இரவெல்லாம் எனக்குத் தூக்கம் வரவில்லை. யாழினி, மறைக்காமல் சொல்.

யாழினி: பணமும் ஒரு காரணம்தான் அத்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் இது கண்துடைப்பு அல்ல. மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் இதே 20 மில்லிகிராமை மாத்திரைகளுடன் சேர்த்துத் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் சோதித்து 2022-இல் வெளியிட்டார்கள். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு கழித்து உயிருடன் இருந்தவர்கள் 16.3 விழுக்காடு, ஊசியும் போட்டுக்கொண்டவர்களில் 43.4 விழுக்காடு. எல்லோருக்கும் பலன் தரும் மருந்து இல்லை, ஆனாலும் இந்த வித்தியாசம் சிறியதல்ல.

பிரபு: ஊசிக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு மருந்து எப்படிப் போதும்?

யாழினி: இந்த மருந்து கட்டியைத் தேடிப் போவதில்லை, நம் வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி செல்களைத் தேடிப் போகிறது. டி செல்லின் மேற்பரப்பில் பிடி-1 என்றொரு புரதம் இருக்கிறது. டி செல் வெறிகொண்டு நம் உடம்பையே தாக்கிவிடாமல் இருக்க இயற்கை வைத்த பிரேக் அது. கியோட்டோவில் தசுக்கு ஹோன்ஜோவின் ஆய்வகம் அதை 1992-இல் கண்டுபிடித்தது. 2018-இல் அவரும் அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். புற்றுநோய் செல் தன் மேல் பிடி-எல்1 என்ற புரதத்தை வளர்த்துக்கொண்டு அந்த பிரேக்கை அழுத்துகிறது. கட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தும் டி செல் செயலற்று நின்றுவிடுகிறது. நிவோலுமாப் பிடி-1 மேல் போய் உட்கார்ந்து அந்த அழுத்தத்தைத் தடுக்கிறது. உட்கார இருக்கும் இடங்களோ அளவானவை. சிறிய அளவு மருந்திலேயே அவற்றில் பெரும்பாலானவை நிரம்பிவிடுகின்றன. மிச்சம் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

பெரியப்பா: நாற்பது ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் நடத்தியவன் கேட்கிறேன் அம்மா. கிருமி அந்நியம், புற்றுநோய் செல்லோ நம் உடம்பில் பிறந்தது. வெள்ளையணுவுக்கு அது எப்படி அடையாளம் தெரியும்?

யாழினி: மிக நல்ல கேள்வி பெரியப்பா. நம் ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருக்கும் புரதங்களின் துணுக்குகளை வெளிப்புறத்தில் காட்டிக்கொண்டே இருக்கிறது. மரபணு கெட்ட செல்லில் துணுக்கும் மாறிவிடும். புகையிலை அப்படிப்பட்ட மாற்றங்களை நிறையவே உண்டாக்குகிறது. காவல் சுற்றும் டென்ட்ரைட்டிக் செல்கள் என்ற எதிர்ப்பு செல்கள் அந்தத் துணுக்குகளை எடுத்துக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போய், பொருந்தும் டி செல்லை எழுப்பி அனுப்புகின்றன. படிக்கும்போது நுண்ணோக்கியில் ஒருமுறை பார்த்தேன்: டி செல் ஊர்ந்து வந்து புற்றுநோய் செல்லின் மேல் ஒட்டிக்கொண்டது. அது செலுத்திய பெர்ஃபோரின் என்ற புரதம் துளையிட, செல்லைச் சாகச் செய்யும் கிரான்சைம் என்ற புரதம் உள்ளே நுழைய, சிறிது நேரத்தில் அந்தச் செல்லின் உறை கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியது. டி செல் விலகி அடுத்ததை நோக்கி நகர்ந்தது. இன்றும் என் கண்ணிலேயே நிற்கிறது.

பெரியப்பா: அப்படியென்றால் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மூலிகைப் பொடி ஒன்று இருக்கிறது, மாப்பிள்ளைக்கு வாங்கி அனுப்பட்டுமா?

யாழினி: வேண்டாம் பெரியப்பா, அன்பாகவே சொல்கிறேன். மாமாவின் டி செல்களைப் புற்றுநோய் கட்டிப்போட்டிருக்கிறது. பொடி அந்தக் கட்டை அவிழ்க்காது. நாளை கல்லீரல் பரிசோதனையில் எண்கள் ஏறினால் ஊசியாலா பொடியாலா என்று மருத்துவர் திணறுவார், சிகிச்சை நிற்கும்.

ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, காலை 7.40

அத்தை: யாழினிக் கண்ணு, மாமாவுக்கு நேற்று இரவிலிருந்து ஆறு முறை வயிற்றுப்போக்கு. மாதுளம்பழத் தோல் கஷாயம் கொடுத்தேன். நிற்க மாத்திரை வாங்கப் பிரபு கடைக்குக் கிளம்புகிறான்.

யாழினி: அத்தை, பிரபு அத்தானைக் கடைக்கு அனுப்பாதீர்கள், மாமாவை உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். பிரேக் எடுத்த டி செல்கள் சில சமயம் குடலையே தாக்கும். தைராய்டையும் நுரையீரலையும்கூடத் தாக்கலாம். அவர் சாப்பிடும் மாத்திரைகளில் எர்லோடினிபும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். எது காரணம் என்பதை அங்கேதான் பிரித்தறிய முடியும். குடல் அழற்சி என்றால் ஸ்டீராய்டு கொடுப்பார்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். தாமதித்தால் குடலில் ஓட்டை விழும் அளவுக்கும் போகலாம். மலத்தில் இரத்தம் இருக்கிறதா? காய்ச்சல், வயிற்று வலி?

அத்தை: இரத்தம் இல்லை. வலி இருக்கிறது என்கிறார்.

யாழினி: அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதல் வாக்கியமாக "இவர் இம்யூனோதெரபி ஊசி போட்டுக்கொள்பவர்" என்று சொல்லுங்கள். வெறும் வயிற்றுப்போக்கு என்று மட்டும் சொன்னால் சலைன் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும். மருந்துச் சீட்டுகள் எல்லாம் இருக்கும் கோப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரபு: ஆட்டோ வந்துவிட்டது. கோப்பு என் கையில் இருக்கிறது. நீ சொன்ன வாக்கியத்தை அம்மா ஒரு தாளில் எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.