ரிங்-ஃபென்சிங்: ‘வேலியிட்ட நிதி’ சரிவருமா?

வணக்கம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அடுத்த ஆய்வு, புத்தாக்கத் திட்டத்தில் உறுப்பு நாட்டு அரசுகள் எவற்றுக்கு முன்னுரிமை கேட்கின்றன என்று ஒரு கட்டுரை எழுதுகிறேன். ‘ரிங்-ஃபென்சிங்’, அதாவது ஒன்றுக்கு ஒதுக்கிய பணத்தை வேறு எதற்கும் எடுக்க முடியாதபடி காப்பது, என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. அதற்குத் தமிழாக நேற்று நம் குழுவில் வந்த ‘வேலியிட்ட நிதி’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலி போடுவது வெளி ஆடு உள்ளே வராமலிருக்க. இங்கே கவலை, உள்ளே இருக்கும் பணம் வெளியே போய்விடும் என்பது.

ஒன்றியத்தின் 2021–2027க்கான ஆய்வுத் திட்டமான ஹொரைசன் யூரோப்புக்கு ஒதுக்கியது சுமார் 9,550 கோடி யூரோ. 2024 பிப்ரவரியில், உக்ரைன் உதவி உள்ளிட்ட செலவுகளுக்காக ஒன்றியத்தின் பட்ஜெட்டைத் திருத்தியபோது இதிலிருந்து 210 கோடியை எடுத்தார்கள். அதற்கு ஒப்புக்கொண்டவர்கள் அதே உறுப்பு நாடுகளின் தலைவர்கள்தான். வேலியே பயிரை மேய்ந்த கதை. நம் சொல்லுக்கு அந்தப் பழமொழி வேறு எதிரி!

2028–2034க்கான அடுத்த திட்டத்துக்கு, ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூலையில் முன்மொழிந்தது 17,500 கோடி யூரோ. தொகை பெரிதுதான். ஆனால் பக்கத்திலேயே தொழில்களுக்குக் கைகொடுக்கும் ஒரு போட்டித்திறன் நிதியமும் வருகிறது. ஆய்வுப் பணம் அதில் கரைந்துவிடக் கூடாது என்பதால்தான் பல அரசுகள் ‘தனித்திட்டம், தனி நிதி’ என்று பிடிவாதமாக நிற்கின்றன.

‘மடைமாறா நிதி’ என்று வைக்கலாமா?

—

ஐயா, ‘மடைமாற்றம்’ என்றாலே நம் செய்தித்தாள்களில் ஊழல் வாடை. அங்கே நடந்ததோ முறைப்படி எடுத்த முடிவு. அப்புறம், வினைச்சொல்லாக ஆக்கிப் பாருங்கள்: ‘மடைமாறாதாக்குதல்’. நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

வயலில் தண்ணீர் வெளியேறாமல் நிறுத்துவது வரப்புதானே? ‘வரப்பிட்ட நிதி’, ‘வரப்பிடுதல்’. வேண்டுமென்றால் வெட்டிவிடவும் முடியும்; ஆனால் வெட்டினால் ஊருக்கே தெரியும்.

—

சரி, ‘அடுத்த திட்டத்தின் நிதியை வரப்பிட வேண்டும்’ என்று எழுதிப் பார்த்தேன். உறுத்தவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். திட்டத்துக்குள்ளேயே ஆய்வாளர்களுக்கு நிதி வழங்கும் ஐரோப்பிய ஆய்வு மன்றத்துக்கான பங்கைத் தனியாகக் காக்க வேண்டும் என்ற பேச்சும் இருக்கிறது. அதற்கு ‘உள்வரப்பு’ போதுமா? எங்கள் ஊரில் ஒரே வயலைப் பாத்தி பிரிக்கும்போது குறுக்கே போடுவதற்கு வேறு பெயர் இருந்தது, நினைவுக்கு வரவில்லை. தஞ்சைப் பக்கத்து நண்பர்கள் யாராவது சொல்லுங்கள்.