நடுத்தீர்ப்பு வந்த பிறகும் மறுக்கலாமா?

ரோலர்காரர் மகன்:
அப்பா கண்டிப் பக்கம், அரச கூட்டுத்தாபனத் தோட்டம் ஒன்றில் ஸ்டோர் வேலை. அவரோடு சேர்த்து 11 பேரை 9 வருசமாகக் கைக்காசுக்கே வைத்திருந்தார்கள், பேர் பதியவில்லை. சங்கம் பேசி, தொழில் திணைக்களம் போய், கடைசியில் அமைச்சர் நடுத்தீர்ப்பாளரிடம் (பிணக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர்) அனுப்பினார். விசாரணைக்குப் போய்வந்ததிலேயே அப்பாவுக்கு எட்டு நாள் பேர், அதாவது எட்டு நாள் சம்பளம், போனது. பேர் பதிந்து நிலுவையும் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது, வர்த்தமானியிலும் போட்டாச்சு.

போன வாரம் ஆபிசிலிருந்து முழுக்க ஆங்கிலத்தில் ஒரு கடிதம். தீர்ப்பை ஏற்கவில்லையாம். "இதுதான் கடைசி, இதுக்கு மேல அப்பீல் கிடையாது" என்று சொன்ன தலைவர் இப்போது போனை எடுப்பதில்லை. கடைசி என்றால் என்னதான் கடைசி?

தலவாக்கலை 22:
அரசாங்கத் தோட்டமா? அப்படியென்றால் அந்த நடுத்தீர்ப்புச் சட்டமே உங்களுக்கு இல்லை தம்பி.

பழைய டைப்பிஸ்ட்:
அவர் சொல்வது பிழை. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்க கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 49ஆம் பிரிவு, அரசாங்கத்திடம் நேரே வேலை செய்பவர்களைத்தான் விலக்குகிறது. கூட்டுத்தாபனம் வேறு.

சங்க ஆபிசில் இந்தக் காகிதங்களை நிறையவே டைப் அடித்திருக்கிறேன். உங்கள் தலைவர் சொன்னது பாதி சரி. அப்பீல் இல்லைதான். தொழில் நியாய சபைத் தீர்ப்பு என்றால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு அப்பீல் போகலாம், நடுத்தீர்ப்புக்கு அந்த வழி கிடையாது. ஆனால் இரண்டு கதவு திறந்திருக்கிறது. ஒன்று, மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) கேட்பது. அங்கே சாட்சியை மறுபடி எடைபோட மாட்டார்கள், நடுத்தீர்ப்பாளர் அதிகாரம் மீறினாரா, சட்டத்தைப் பிழையாகப் பிடித்தாரா, இரண்டு பக்கமும் கேட்டாரா என்றுதான் பார்ப்பார்கள். வழக்குப் போட்டதாலேயே தீர்ப்பு நின்றுவிடாது, இடைக்காலத் தடை வாங்க வேண்டும்.

மற்றது அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு. தொழில் ஆணையாளருக்கு எழுதித் தீர்ப்பை மறுக்கலாம். இதைக் கேட்டால் எல்லாருக்கும் வயிறு கலங்கும், எனக்கும் முதல் தடவை கலங்கியது. ஆனால் தீர்ப்பு உடனே செத்துப்போகாது. ஆணையாளருக்கு அறிவித்தல் கிடைத்த மாதம் முடிந்து 3 மாதம், அல்லது தீர்ப்பு நடைமுறைக்கு வந்து 12 மாதம், எது பிந்தியதோ அதுவரை அது உயிரோடு இருக்கும். அதுவரை 19ஆம் பிரிவின்படி உங்கள் அப்பாவின் வேலை ஒப்பந்தத்திலேயே சேர்ந்த மாதிரி. கட்டாமல் இருந்தால் 40ஆம் பிரிவில் குற்றம்.

கடிதத்தில் நீதிமன்றப் பெயர் இருக்கிறதா, ஆணையாளர் பெயரா? எந்தக் கதவென்று தெரிய அதை முதலில் பாருங்கள்.

பதுளை அக்கா:
நான் அரச உத்தியோகத்தர், எங்களுக்கு நடுத்தீர்ப்பே கிடையாது. பதவி உயர்வு பிரச்சினைக்கு அரசாங்க சேவை ஆணைக்குழு, பிறகு 2002இன் 4ஆம் இலக்கச் சட்டப்படி நடக்கும் நிருவாக மேன்முறையீட்டு நியாயசபை. ஆணைக்குழு முடிவைச் சாதாரண நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாதென்று அரசியலமைப்பின் 61அ உறுப்புரை சொல்கிறது. உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை வழக்குப் போகலாம், அதுவும் ஒரு மாதத்துக்குள். எனக்கு அந்த ஒரு மாதம் "யாரிடம் கேட்கலாம்" என்று கேட்பதிலேயே முடிந்துவிட்டது. தம்பி, கடித உறையையும் எறியாதீர்கள், முத்திரையில் திகதி இருக்கும்.

ரோலர்காரர் மகன்:
பார்த்தேன். நீதிமன்றம் என்ற சொல்லே இல்லை, ஆணையாளர் பெயர்தான். தீர்ப்பு நடைமுறைக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. உறையை அம்மா தேயிலைத் தூள் டின்னுக்கு அடியில் வைத்திருந்தார், நல்ல வேளை. திங்கட்கிழமை கண்டி தொழில் அலுவலகத்துக்குப் போகிறோம். இன்னொரு நாள் பேர் போகுமே என்று அப்பா யோசிக்கிறார். மற்றப் பத்துப் பேரிலிருந்தும் யாராவது கூட வந்தால் நல்லதா ஐயா?

பழைய டைப்பிஸ்ட்:
இரண்டு பேர் போதும். வர்த்தமானிப் பிரதியும் சம்பளத் துண்டுகளும் எடுத்துப் போங்கள்.