1859-ல குடுத்தது மேலாடை உரிமையா? எனக்குப் பதில் வேணும்

குமரிக்காரி:
நேத்து வேணாட்டான் எழுதிருந்தாரு, "திருவிதாங்கூர் மகாராஜா 1859-லயே நாடார் பொண்ணுங்களுக்கு மேலாடை உரிமை குடுத்தாச்சு, இன்னும் எதுக்கு ஒப்பாரி"ன்னு. படிச்சதுல இருந்து வயிறு எரியுது. அந்த உத்தரவை முழுசா படிச்சீங்களா? குப்பாயம், அதாவது ரவிக்கை மாதிரி சட்டை போடலாம், மீனவப் பொண்ணுங்களான முக்குவத்திங்க மாதிரி முரட்டுத் துணிய சுத்திக் கட்டலாம், ஆனா மேல்சாதிப் பொண்ணுங்க மாதிரி கூடாது. இந்தக் கடைசி வரி எங்க போச்சு?

வேணாட்டான்:
அக்கா, "எந்த விதத்துல வேணும்னாலும் மாரை மறைக்கலாம்"னும் அதே உத்தரவுல இருக்கே, அதை ஏன் முழுங்கிட்டீங்க?

குமரிக்காரி:
முழுங்கல. அதுக்கு அடுத்த வார்த்தையே "ஆனா மேல்சாதி மாதிரி கூடாது". தோள்ல சீலை போடத்தானே சண்டையே நடந்துச்சு, பேரே தோள்சீலைக் கலகம். சந்தைக்குப் போன பொம்பளையோட சீலைய ஊரு பாக்க இழுத்துக் கிழிச்சானுவ, அவ ரெண்டு கையாலயும் மாரைப் பொத்திக்கிட்டு நின்னிருப்பா, அவகிட்ட போயி முரட்டுத் துணி கட்டிக்கோன்னு சொல்றதுக்குப் பேரு உரிமையா?

பழையபேட்டை:
மகாராஜாவா மனசு வந்து குடுக்கல. மெட்ராஸ் கவர்னர் டிரெவெல்யன் நெருக்குனதால குடுத்தது.

வேணாட்டான்:
ஆமா, வெள்ளைக்காரன்தான் உங்களுக்கு சாமி. அப்போ நாயர் பொண்ணுங்களும் நம்பூதிரி பிராமணன் முன்னாடி மேல்முண்டை, அதான் மேல்துணிய, எடுக்கணும், அது தெரியுமா? ஒரு சாதிக்கு மட்டும் நடந்த மாதிரி பேசாதீங்க.

குமரிக்காரி:
அதுவும் கொடுமைதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா நாயர் பொண்ணுங்க தெருவுல போட்டுக்கலாம். நாடார் பொண்ணு தெருவுலயும் போடக்கூடாது. திரும்பக் கேக்குறேன், "மேல்சாதி மாதிரி கூடாது"ன்னு இருக்கா இல்லையா?

சாமித்தோப்பு தம்பி:
ரெண்டு பேரும் அய்யா வைகுண்டரை மறந்துட்டீங்க. சாமித்தோப்புல இருந்து சாதிக் கொடுமைய எதுத்தவரு, ஒடுக்கப்பட்ட ஆம்பளைங்களைத் தலைப்பாகை கட்டுங்கடான்னு சொன்னவரு அவரு. எல்லாத்தையும் மிஷனரி கணக்குல எழுதாதீங்க.

பழையபேட்டை:
தம்பி, மிஷனரிய இங்க யாரு இழுத்தா? சரி, நீயே இழுத்ததால சொல்றேன், நாகர்கோவில்ல மிஷனரி மால்ட் அம்மா லேஸ் பின்னச் சொல்லிக் குடுத்தாங்க, அந்தக் காசுல அடிமையா இருந்த பொண்ணுங்க விடுதலைய விலைக்கு வாங்கிருக்காங்க. அதையும் எழுதக்கூடாதா?

சாமித்தோப்பு தம்பி:
போன தடவையும் இதே லேஸ் கதைய சொல்லித்தான் என்னைய மட்டம் தட்டுனீங்க அண்ணே, நான் மறக்கல.

வேணாட்டான்:
1829-ல மேலாடை கூடாதுன்னு உத்தரவு போட்டப்ப ஆண்டது ஒரு ராணி. ஆம்பள ஆதிக்கம்னு ஆரம்பிக்க வேண்டாம்.

குமரிக்காரி:
ஆம்பள ஆதிக்கம்னு நான் எங்க சொன்னேன்? ராணி போட்டா கூடுதலா வலிக்குது, அவ்வளவுதான். 1829-ல கூடாது, 1859-ல அவங்க மாதிரி கூடாது. முப்பது வருஷம் அடி வாங்கி வாங்குனது ஒரு "ஆனா". எங்க குடும்பத்துல இன்னைக்கும் கெழவிங்க முந்தானைய ரெண்டு சுத்து சுத்தி இடுப்புல சொருகிட்டுத்தான் வாசப்படி தாண்டுவாங்க, ஏன்னு கேட்டா "இழுத்தா வரக்கூடாது மக்கா"ன்னு சொல்லுவாங்க.

வேணாட்டான்:
உணர்ச்சி வேற, ஆவணம் வேற. "எந்த விதத்துல வேணும்னாலும்"னு இருக்கு. நான் அதுலதான் நிக்குறேன்.

குமரிக்காரி:
நில்லுங்க. அடுத்த வரிய வாசிக்கிற வரைக்கும் நானும் இங்கேயே நிக்குறேன்.

பழையபேட்டை:
தம்பி, மட்டம் தட்டுனேன்னு சொன்னியே, எந்தப் பதிவுலன்னு காட்டு பாப்போம்.