அம்பாசிடர் 1489 சிசி: மலை இறங்கியதும் நீலப் புகை, கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது. சிலிண்டரைப் போர் பண்ணியே ஆகணுமா?

மார்க்2_சேலம்

வண்டி அம்பாசிடர் மார்க் 2, பெட்ரோல். பழைய பிஎம்சி 1489 சிசி எஞ்சின், எஸ்யூ கார்புரேட்டர்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் சைலன்சரிலிருந்து குப்பென்று நீலப் புகை வருது, அரை நிமிஷத்தில் நின்னுடுது. ஊருக்குள் ஓட்டும்போது ஒண்ணும் தெரியாது. ஏற்காட்டிலிருந்து செகண்ட் கியரில் இறங்கி அடிவாரத்தில் ஆக்சிலரேட்டரை மிதிச்சா பின்னால் ரோடே தெரியாது. ஏறும்போது புகை இல்லை.

சூடான எஞ்சினில் நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (பிஸ்டன் அமுக்குற அழுத்தம்): 128, 125, 130, 126 பிஎஸ்ஐ. 1000 கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் ஆயில் குடிக்குது. 1, 2 பிளக் ரெண்டும் கருப்பா ஈரமா இருக்கு. 3, 4 நல்ல காப்பிக் கலர். மெக்கானிக் போர் பண்ணி, அதாவது சிலிண்டரை உள்ளே கடைஞ்சு பெரிசாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போடணும்கிறார். ஹெட்டை மட்டும் இறக்கினால் போதாதா?

வால்வு_கைடு

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் இன்லெட் வால்வு கைடைத்தான் (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல்) காட்டுகின்றன. மலை இறங்கும்போது திராட்டில் மூடியிருக்கும், எஞ்சின் மட்டும் வேகமாகச் சுற்றும். ஐடிலில் மேனிஃபோல்டு வாக்குவம் (கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள குழாயின் உறிஞ்சல்) 17 முதல் 20 அங்குலம் பாதரசம் இருந்தால், அப்போது அதைவிட இன்னும் ஏறிவிடும். ராக்கர் கவருக்குள் தெறிக்கிற ஆயிலைத் தேய்ந்த கைடு வழியாக அது உறிஞ்சி போர்ட்டில் சேர்த்துவைக்கும். நீங்கள் மிதித்ததும் அவ்வளவும் ஒரே மூச்சில் எரிகிறது. காலைப் புகைக்கும் காரணம் அதுதான்: ராத்திரி முழுக்க ஸ்டெம் (வால்வுத் தண்டு) வழியாகச் சொட்டிய ஆயில். ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) போன எஞ்சின் காலையில் புகைத்துவிட்டு அரை நிமிஷத்தில் அடங்காது. மேடேறும்போது, லோடு எடுக்கும்போது விடாமல் தள்ளும்.

பிளக் சொல்வதும் இதோடு ஒத்துப்போகிறது. இந்த ஹெட்டில் 1, 2 சிலிண்டருக்கு ஒரே இன்லெட் போர்ட், 3, 4-க்கு இன்னொன்று. அதனால் ஒரே ஒரு கைடு போயிருந்தாலும் பக்கத்துப் பிளக்கும் நனையக்கூடும். எக்ஸாஸ்ட் கைடு தேய்ந்தால் கதை வேறு. ஆயில் நேரே சைலன்சர் பக்கம் போய்விடும், பிளக் சுத்தமாகவே இருக்கும்.

கம்ப்ரஷன் நன்றாக இருப்பதால் கைடும் நன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். டெஸ்ட் எடுக்கும்போது வால்வு சீட்டில் உட்கார்ந்திருக்கிறது. கைடில் எவ்வளவு ஆடினாலும் கேஜுக்குத் தெரியாது. வாக்குவம் கேஜ் கிடைத்தால் மேனிஃபோல்டில் மாட்டிப் பாருங்கள். ஐடிலில் முள் வேகமாக நடுங்கி, ரேஸ் கொடுத்ததும் நிலைத்தால் கைடுதான். கேஜ் இல்லையென்றால் சூடான எஞ்சினைப் பத்து நிமிஷம் ஐடிலில் விட்டு, ஆளைப் பின்னால் நிறுத்தி ஒரு தடவை ரேஸ் கொடுங்கள். ஒரு மேகம் வந்து உடனே தெளிந்தால் அதுவும் இதே பதில்தான்.

ஆயில்_குடுவை

ஹெட்டில் கை வைப்பதற்கு முன்னால் காசு செலவில்லாமல் பார்க்கக் கூடியவற்றைப் பார்த்துவிடுங்கள்.

சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள். மேல் கோட்டுக்கு மேலே ஆயில் இருந்தால் கிராங்க் அதை அடித்துத் தெறிக்கவிடும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை வந்து, ஊற்றாமலே லெவல் ஏறியிருந்தால் பெட்ரோல் பம்ப் டயஃப்ராம் கிழிந்திருக்கலாம். ஆயில் தண்ணீராகி ரிங்கையும் தாண்டும், பேரிங்கையும் தின்னும். அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

அடுத்தது பிரீதர், எஞ்சினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் வழி. ராக்கர் கவரிலிருந்து ஏர் கிளீனருக்கு ஒரு ஹோஸ், டேப்பட் பக்கக் கவரிலிருந்து கீழே இறங்கும் ஒரு குழாய். கீழ்க்குழாய் சேறும் கரியுமாக அடைத்தால் கிராங்க்கேஸில் பிரஷர் ஏறி, ஆயில் ஆவி மொத்தமும் மேல் ஹோஸ் வழியாகக் கார்புரேட்டருக்குப் போகும். இந்த எஞ்சினில் கிராங்கின் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது, ஆயிலைத் திருப்பிவிடும் மரைதான். அதனால் பிரீதர் அடைத்தால் கிளட்ச் ஹவுசிங் பக்கமும் ஒழுகும். முக்கால் லிட்டரில் எவ்வளவு எரிகிறது, எவ்வளவு ரோட்டில் சொட்டுகிறது என்று ராத்திரி அட்டை விரித்துப் பார்த்துவிடுங்கள்.

ஆயில் பாத் ஏர் கிளீனர் என்றால் அதில் கோட்டுக்கு மேல் ஊற்றியிருந்தாலே நீலப் புகை வரும். சர்வீஸில் தாராளமாக ஊற்றிவிடுகிறவர்கள் நிறைய.

மார்க்2_சேலம்

லெவல் சரி, பெட்ரோல் வாடை இல்லை. கீழ்க்குழாய் பாதி அடைச்சிருந்தது. சுத்தம் பண்ணினேன், புகை கொஞ்சம் குறைஞ்சது, நிக்கலை. ஏர் கிளீனர் பேப்பர் எலிமென்ட்தான். பிளக் ஓட்டை வழியா காத்து கொடுத்து வால்வைப் பிடிச்சுக்கிட்டு, ஹெட்டை இறக்காம ஸ்டெம் சீல் மட்டும் மாத்தலாம்னு ஒருத்தர் சொல்றார். செய்யலாமா?

வால்வு_கைடு

மற்ற வண்டியில் செய்யலாம், இதில் லாபமில்லை. ராக்கர் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் பிடிக்கிற நட்டுகள். அவற்றை மட்டும் கழற்றினால் ஹெட் கோணி, தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் சம்ப்பிலும் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறங்கும். ரேடியேட்டரை வடித்து, பதினொரு நட்டையும் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தித்தான் ராக்கரை எடுக்க வேண்டும். அதற்கப்புறம் பழைய கேஸ்கெட்டை நம்ப முடியாது. அவ்வளவு தூரம் போனவர் ஹெட்டை இறக்கிவிடுவதே மேல்.

இதில் சீல் என்பது ஸ்டெம்மின் மேல்முனையில், ஸ்பிரிங் தட்டுக்குள் உட்காரும் சின்ன ரப்பர் வளையம்தான். கைடு ஆடினால் புது வளையம் ரொம்ப நாள் தாங்காது. மாட்டும்போது ஆயிலில் நனைத்து, ஸ்பிரிங்கை அமுக்கியபின் போட்டு, கடைசியில் காட்டர் (ஸ்பிரிங் தட்டைத் தண்டில் பூட்டும் துண்டுகள்) வையுங்கள். வறட்சியாகத் தள்ளினால் முறுக்கிக்கொள்ளும்.

லேத்தில் கொடுக்கும்போது அளவைச் சொல்லிக் கொடுங்கள். ஸ்டெம்முக்கும் கைடுக்கும் இடைவெளி இன்லெட்டில் 0.0015 முதல் 0.0025 அங்குலம், எக்ஸாஸ்டில் 0.002 முதல் 0.003. புகை நிற்கட்டும் என்று இன்னும் இறுக்கினால் சூட்டில் வால்வு பிடித்துக்கொள்ளும். பழைய கைடு எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளந்து எழுதிவைத்துவிட்டுத்தான் தட்ட வேண்டும். புதுக் கைடு போட்டால் சீட்டும் வெட்டியாக வேண்டும். கைடின் மையம் நூலளவு நகர்ந்தாலும் வால்வு ஒரு பக்கமாக உட்காரும். லேத்தில் "சும்மா லேப்பிங் (பேஸ்ட் போட்டுத் தேய்ப்பது) போதும்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

போர்_கேஜ்

கைடு என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கம்ப்ரஷனை வைத்து ரிங்கை முழுசாக விடுதலை பண்ணிவிட முடியாது. பிஸ்டனில் கம்ப்ரஷன் ரிங் தனி, ஆயில் ரிங் தனி. ஆயில் ரிங்கின் வடிகால் ஓட்டைகளில் கரி அடைத்தால் கேஜ் 125 காட்டும், ஆயிலும் எரியும். மலை இறக்கத்து வாக்குவம் சிலிண்டருக்குள்ளும் இருக்கிறது, கீழிருந்தும் அது இழுக்கும். சிலிண்டரில் ஸ்பூன் ஆயில் விட்டுக் கம்ப்ரஷன் எடுக்கும் வெட் டெஸ்டும் இதைக் காட்டாது.

ஹெட் இறங்கியதும் துடைக்காமல் பாருங்கள். பிஸ்டன் தலையின் விளிம்பைச் சுற்றி கரி இல்லாமல் ஆயில் கழுவிய வளையம் தெரிந்தால் கீழிருந்து வருகிறது. பிஸ்டன் ஓரம் வரை காய்ந்த கரி, இன்லெட் வால்வின் முதுகில் மட்டும் ஈரக் கரி குவிந்திருந்தால் மேலிருந்து வருகிறது. மெக்கானிக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள், வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

போரையும் (சிலிண்டரின் உள்விட்டம்) அளந்துவிடுங்கள். ஸ்டாண்டர்டு 73.025 மில்லிமீட்டர். மேலிருந்து ஒரு சென்டிமீட்டர் கீழே, கிராங்குக்குக் குறுக்குவாட்டில்தான் தேய்மானம் அதிகம். அங்கே ஓர் அளவு, ரிங் எட்டாத அடிப்பக்கம் ஓர் அளவு. வித்தியாசம் 0.2 மில்லிமீட்டரை நெருங்கினால் மெக்கானிக் சொல்வது சரி. 0.1-க்குள் என்றால் போரைத் தொட வேண்டாம். நடுவில் என்றால் ஹானிங் (சுவரை லேசாக உரசுவது) பண்ணி புது ரிங் போடலாம், ஆனால் மேல்விளிம்புப் படியை எடுத்துவிட்டுத்தான். இல்லாவிட்டால் புது டாப் ரிங் அந்தப் படியில் மோதி உடையும்.

வால்வு_கைடு

விளிம்பு வளையம் நல்ல சோதனை, அதைச் செய்துவிட்டே மேலே போங்கள்.

மாட்டும்போது: ஹெட்டின் முகத்தில் ஸ்கேல் வைத்துக் கோணலைப் பாருங்கள். நட்டை நடுவிலிருந்து வெளியே மூன்று சுற்றாக ஏற்றி 50 பவுண்டு-அடியில் நிறுத்துங்கள். டேப்பட் இடைவெளி (ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே) 0.015 அங்குலம், முதல் வால்வைச் சரிசெய்யும்போது எட்டாவது முழுக்கத் திறந்திருக்க வேண்டும், இரண்டாவதுக்கு ஏழாவது, இரண்டு வால்வு எண்ணையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது. 500 கிலோமீட்டர் ஓடியதும் ஹெட் நட்டை மறுபடி இறுக்கி, டேப்பட்டையும் மறுபடி பாருங்கள்.

புது கைடோடு முதல் நாளே புகை நிற்கவில்லை என்று பயப்பட வேண்டாம். சைலன்சருக்குள் ஊறிய ஆயில் எரிந்து தீர வேண்டும். நல்ல நீண்ட ஓட்டம் ஒன்று போய்வந்து, அடுத்த நாள் காலை ஸ்டார்ட்டைப் பாருங்கள்.