ஆண்டு விழா மேடைக்கு எந்த ராப்: சினிமாவா, அண்டர்கிரவுண்டா?

செந்தமிழ்_கோபி

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். வருகிற ஆண்டு விழாவில் எட்டு நிமிடம் ராப் பாட வேண்டும் என்று பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் கேட்டார்கள். 'சொல்லெல்லாம் சரியாக இருக்கிறதா என்று தமிழம்மா பார்த்துச் சொல்லட்டும்' என்று தலைமையாசிரியர் அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்.

பாடப்போகிறவர்கள் இப்போதே இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். ஹிப்ஹாப் தமிழா ஆதி கோயம்புத்தூர்க்காரர், ஆகவே அவருடைய பாட்டைத்தான் பாட வேண்டும் என்கிறது ஒரு கட்சி. சினிமாவுக்குப் போய்விட்டவர் பாடுவது ராப்பே ஆகாது, அண்டர்கிரவுண்ட் ஆட்களைத்தான் எடுக்க வேண்டும் என்கிறது மற்றொன்று. அண்டர்கிரவுண்ட் என்றால் யார் என்று கேட்டேன். 'யாருக்கும் தெரியாதவங்க டீச்சர்' என்றான் ஒருவன். யாருக்கும் தெரியாதவர் உனக்கு எப்படியப்பா தெரிந்தார் என்று கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

எனக்கு யாப்பு தெரியும், ராப் தெரியாது. தினமும் சத்தியமங்கலத்திலிருந்து கோபிக்குப் பேருந்தில் வந்துபோகும் நேரத்தில் கேட்பதற்கு, யார் யாரை எந்த வரிசையில் கேட்கலாம் என்று சொல்லுங்கள். மாணவர்கள் சண்டை போடுகிற இந்தப் பிரிவுக்கு உண்மையில் பொருள் உண்டா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

ஒலிக்கூடம்_சிங்காநல்லூர்

வணக்கம் டீச்சர். சிங்காநல்லூரில் சிறிய ஒலிப்பதிவு அறை ஒன்று வைத்திருக்கிறேன். வாரம் ஒரு பையனாவது நோட்டுப் புத்தகத்தோடு வந்து நிற்கிறான் என்பதால், இந்தச் சண்டையை நான் பல தடவை கேட்டிருக்கிறேன்.

முதலில் யோகி பி. மலேசியத் தமிழர். 1990களில் பொயட்டிக் அம்மோ குழுவில் இருந்தவர், 2006இல் நட்சத்ரா குழுவினரோடு 'வல்லவன்' தொகுப்பைக் கொண்டுவந்தார். அதிலுள்ள 'மடை திறந்து', 1980இல் வந்த 'நிழல்கள்' படத்தின் இளையராஜா பாட்டை அடியாக வைத்துக் கட்டியது. தமிழ்ச் சொல் பீட்டின் மேல் எப்படி உட்கார வேண்டும் என்பதை எங்கள் தலைமுறை அந்தத் தொகுப்பிலிருந்துதான் கற்றது. அதன் பிறகே சினிமா அவரைக் கூப்பிட்டு, 'பொல்லாதவன்', 'ஆடுகளம்' என்று பாட வைத்தது.

அடுத்து ஆதி. 'ஹிப் ஹாப் தமிழன்' 2012இல் தனித் தொகுப்பாக வந்தது, கூட்டாளி ஜீவாவும் அவரும் இசையமைத்த முதல் படம் 2015இல்தான் வந்தது. ஆக, உங்கள் இரண்டு கட்சியும் ஒரே ஆளின் இரண்டு காலத்தை வைத்துச் சண்டை போடுகிறது. அவரைப் புகழ் உயரத்துக்குக் கொண்டுபோன 'கிளப்புல மப்புல' பாட்டை மட்டும் பள்ளி மேடைக்கு எடுக்காதீர்கள். பெண்களுக்குப் புத்தி சொல்லும் அந்தத் தொனி இன்று காதில் நன்றாக விழவில்லை.

மூன்றாவதாக அறிவு. அரக்கோணத்துக்காரர். இசையமைப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து 2019இல் செய்த 'தெருக்குரல்' தொகுப்பைக் கேட்டுவிட்டு, 2021இல் சந்தோஷ் நாராயணன் இசையில் பாடகி தீயோடு (Dhee) பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி'க்குப் போங்கள். ஊரே கேட்டு ஆடிய அந்தப் பாட்டின் அடியில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு நிலமின்றித் திரும்பியவர்களின் கதை இருக்கிறது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பியவர்களில் பலர் நமக்குப் பக்கத்திலேயே நீலகிரியில் குடியேறினார்கள். உங்கள் வகுப்பில் கோத்தகிரிப் பிள்ளை யாராவது இருந்தால் பாட்டி வீட்டுக் கதையைக் கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து மூன்று போதும். 1994இல் நாஸ் தம் இருபதாவது வயதில் வெளியிட்ட 'இல்மேட்டிக்', 2004இல் இரும்பு முகமூடிக்காரர் எம்எஃப் டூம், மேட்லிப் என்பவரோடு செய்த 'மேட்வில்லனி', கென்ட்ரிக் லமாரின் 'டேம்'. யாப்பு தெரிந்த உங்களுக்கு டூம் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அடி எதுகை போதாது என்று ஒரே அடிக்குள் சீருக்குச் சீர் ஒலியைத் திருப்பிக் கொண்டுவந்து வைப்பார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அங்கே மெயின்ஸ்ட்ரீம் என்றால் பெரிய இசை நிறுவனமும் வானொலியும். நமக்கு அது சினிமா ஒன்றுதான். சினிமாவில் பாட்டை 'சிச்சுவேஷன்' கேட்டுத்தான் எழுதுவார்கள். ராப் என்பது பிறந்ததிலிருந்தே தன்மை ஒருமைக் கலை: நான் இன்ன தெருவில் பிறந்தேன், நான் இதைப் பார்த்தேன் என்பதுதான் அதன் முதுகெலும்பு. கதாநாயகன் கதவை உதைத்துக்கொண்டு நுழையும் காட்சிக்கு ஒரு ராப்பர் எழுதும்போது, அந்த 'நான்' கதாநாயகனுடையதாகிவிடுகிறது. என்னிடம் பதிவு செய்த ஒரு பையன் தன் அப்பாவின் தறிக்கூலியைப் பற்றி எழுதிய பதினாறு வரியை ஒரு படத்துக்குக் கேட்டார்கள். தறி போய்ச் சிங்கம் வந்தது, கூலி போய்க் கர்ஜனை வந்தது. எதுகை மட்டும் அப்படியே இருந்தது. ஆகவே எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எண்ணிப் பிரயோசனமில்லை. அந்தப் பாட்டில் பேசும் 'நான்' யார் என்று பாருங்கள்.

பனியன்நகர்

அண்ணா சொன்ன பட்டியல் நல்ல பட்டியல்தான், ஆனால் இடறாமல் நடக்கிற பட்டியல். 2018 சனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவை விட்டுவிட்டு அறிவைப் பற்றிப் பேசுவது எப்படிப் பொருந்தும்? இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து கட்டிய, அறிவும் பாடிய குழு அது. பெயரே அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் நின்றதும், இட ஒதுக்கீட்டைப் பற்றி நேருக்கு நேராகப் பாடியதும் அங்கேதான். டீச்சர், அவர்களை உங்கள் பள்ளி மேடையில் பாட விடுவார்களா என்பதைக் கேட்டுப் பாருங்கள். மெயின்ஸ்ட்ரீம், அண்டர்கிரவுண்ட் என்ற வேறுபாடு அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

'நான் யார்' என்பதை விட, பாட்டு யாருடைய சொத்து என்று கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. திருப்பூரில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர்த் தையலில் உருவான சட்டைக்கு எந்த ஊர்ப் பெயர்ப்பட்டை ஒட்டப்படுகிறது என்று தினமும் பார்க்கிறவனுக்கு இது எளிதில் புரியும். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து ராப்பர் நிப்ஸி ஹசில் 2013இல் 'கிரென்ஷா' தொகுப்பை, ஆயிரம் பிரதி மட்டும் அடித்து, ஒன்று நூறு டாலர் என்று விற்றார். இணையத்தில் இலவசமாகவே கிடைத்த தொகுப்பு அது. பெரிய ராப்பரான ஜே-ஸீ ஒருவரே நூறு பிரதி வாங்கினார். தன் சரக்குக்குத் தானே விலை சொன்னவரை எத்தனை இலட்சம் பேர் கேட்டாலும் நான் அண்டர்கிரவுண்ட் என்றுதான் சொல்வேன்.

ஒலிக்கூடம்_சிங்காநல்லூர்

தம்பி, கேஸ்ட்லெஸ் கலெக்டிவை விட்டது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொத்துக் கணக்கு அவ்வளவு நேராக ஓடாது. சினிமாவுக்கு எழுதியவனும் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் உரிமத்தொகையில் தமக்குள்ள பங்கை விட்டுக்கொடுத்துவிட முடியாதபடி செய்தார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைப் படிக்கிற பையன்கள்தான் குறைவு. இன்னொன்று: சொந்தமாக வெளியிட்டும், வரிக்கு வரி கார், சங்கிலி, எதிரி என்று யாரோ ஒருவரின் வாழ்க்கையைப் பாடுகிறவர்களை என் அறையில் நிறையப் பார்த்துவிட்டேன். உரிமை முழுக்க அவர்களிடமே இருக்கிறது, சரக்குத்தான் இரவல்.

கென்ட்ரிக்கை நான் சேர்த்ததற்கும் காரணம் உண்டு. பெரிய நிறுவனத்தின் வெளியீடான அந்தத் தொகுப்புக்கு 2018இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதற்கு முன் அந்த இசைப் பரிசு செவ்வியல், ஜாஸ் என்ற இரண்டு வீட்டைத் தாண்டி வெளியே வந்ததில்லை.

ஆழியாறு_அலை

இதுவரை பேசியதில் பெண் குரல் ஒன்றே ஒன்று, அதுவும் இன்னொருவர் பாட்டோடு சேர்த்துத்தான் வந்தது. 2010இல் 'எந்திரன்' படத்தில் லேடி காஷும் கிரிஸ்ஸியும் பாடியதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இலண்டன் தமிழச்சி எம்.ஐ.ஏ. 2005இல் வெளியிட்ட 'அருளர்' தொகுப்பையும் விட்டுவிடாதீர்கள். அது தம் தந்தையின் இயக்கப் பெயரையே தலைப்பாக வைத்த தொகுப்பு.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது சோஃபியா அஷ்ரஃப் பற்றி. கொடைக்கானலில் வெப்பமானித் தொழிற்சாலை விட்டுச்சென்ற பாதரசக் கழிவைப் பற்றி 2015இல் அவர் ஒரு ராப் வெளியிட்டார். பெரும்பாலும் ஆங்கிலம்தான். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட மெட்டு அமெரிக்க ராப் பாடகி நிக்கி மினாஜின் 'அனகோண்டா', அதாவது அந்தக் காலத்து மெயின்ஸ்ட்ரீமின் உச்சி. உலகம் முழுக்கக் காதில் ஓடிக்கொண்டிருந்த மெட்டு என்பதால்தான் மலைமேல் நடந்த அநியாயம் வேகமாகக் கீழே இறங்கியது. மறு ஆண்டு அந்த நிறுவனம் முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. பல ஆண்டுகளாக வழக்கு நடத்திய தொழிலாளர்களின் வெற்றி அது, பாட்டின் வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தப் பாட்டை உங்கள் இருவரின் தராசில் எந்தத் தட்டில் வைப்பீர்கள்?

பவானிக்கூடல்

எனக்கு வயது அறுபத்தேழு. பேரன் காதில் மாட்டிவிட்டதால் இவர்களில் சிலரைக் கேட்டிருக்கிறேன். எங்கள் சிறு வயதில் அண்ணன்மார் கதை பாடுகிறவர் உடுக்கையோடு வந்தால், பொன்னர் சங்கர் கதை பல இரவுகள் நடக்கும். கொஞ்ச நேரம் பாட்டு, கொஞ்ச நேரம் வசனம், இரண்டுக்கும் நடுவில் பாட்டுமில்லாமல் பேச்சுமில்லாமல் உடுக்கையின் தாளத்தை இறுகப் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஓர் ஓட்டம். பக்கத்தில் ஒருவர் ஒவ்வோர் அடிக்கும் 'ஆமா' போட்டு, கடைசிச் சொல்லை எடுத்துத் திருப்பிக் கொடுப்பார். இதுவும் ராப்பும் ஒன்றே என்று சொல்கிற அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை, அவரவர் பட்ட பாடு வேறு வேறு. ஆனால் அந்த நடு ஓட்டத்தைத்தான் பேரன் 'ஃப்ளோ' என்கிறான் என்பது கேட்டவுடனே புரிந்தது.

எனக்குள்ள ஒரே வருத்தம், வீட்டில் 'என்னுங்க தாத்தா' என்று கேட்கிற பிள்ளை மைக்கைப் பிடித்தவுடன் 'இன்னாபா' என்று ஆரம்பிக்கிறான். வடசென்னைக்காரர் தம் பேச்சில் பாடுவது அவருக்கு அழகு. இவனுக்கு எதற்கு அது? ஆசிரியை அம்மா, முடிந்தால் பிள்ளைகளை நம் பேச்சிலேயே எழுதச் சொல்லுங்கள்.

செந்தமிழ்_கோபி

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரம் பேருந்தில் கேட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். டூம் புரியவில்லை, ஆனால் ஒலிக்கூடம் சொன்னது போல அந்த உள்ளெதுகையில் மயங்கித்தான் போனேன். திருப்புகழில் சந்தத்துக்காகவே ஒரு சொல் மறுபடி மறுபடி வந்து நிற்கும்போது உண்டாகிற அதே கிறக்கம் அது.

ஒரு மறுப்பு மட்டும். 'நான்' பாடுகிறவருடையதாக இருக்க வேண்டும் என்ற அளவுகோலை, தமிழ் படித்தவளாக என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. அகப்பாட்டில் புலவர் தம் பெயரில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று எல்லாமே பிறர் வாய்மொழிதான். கபிலர் தோழியாகப் பேசியதால் அந்தப் பாட்டு இரவலாகிவிடுமா? 'எஞ்சாமி'யிலும் பாதிக்கு மேல் பேசுவது பாட்டியின் தலைமுறை என்றுதான் என் காதுக்குப் படுகிறது. பேரப்பிள்ளையை 'சாமி' என்று அழைக்கிற ஊரில் வளர்ந்தவளுக்கு அந்தப் பாட்டின் முதல் அழைப்பே போதுமானதாக இருந்தது. தறிக்கூலிப் பையனுக்கு நடந்த அநியாயம், அவன் இன்னொருவன் வாயால் பேசியதில் இல்லை. சிங்கத்துக்கு அவன் வீட்டில் எந்த வேலையும் இல்லை என்பதுதான் அங்கே குறை.

மாணவர்களிடம் இரண்டு கட்சியின் பாட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆளுக்கு எட்டு வரி, தம் வீட்டில் உள்ள யாராவது ஒருவருடைய கூற்றாக, வீட்டுப் பேச்சிலேயே எழுதிவரச் சொன்னேன். ஆதி கட்சிப் பையன் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கும் தன் மாமாவாகப் பேசியிருக்கிறான், நன்றாகவே இருக்கிறது. அண்டர்கிரவுண்ட் கட்சித் தலைவன் இன்னும் ஒரு வரியும் கொடுக்கவில்லை. கேட்டால், 'எங்க வீட்ல யாருமே பேச மாட்டாங்க டீச்சர்' என்கிறான். அதையே முதல் வரியாக வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒலிக்கூடம் அவர்களிடம் ஒரு கேள்வி. அந்தியூர்ப் பக்கம் உடுக்கை அடிக்கிற பெரியவர் ஒருவரைப் பிள்ளைகள் தேடிப் பிடித்துவிட்டார்கள். அவர் மேடைக்கு வரத் தயங்குகிறார், வாசித்துக் கொடுக்கச் சம்மதிக்கிறார். கைபேசியில் பதிவு செய்து பீட்டாக வைத்தால் அரங்கில் கேட்குமா, இல்லை அவரை உங்கள் அறைக்கே அழைத்து வர வேண்டுமா? அவருக்கு என்ன கொடுப்பது முறை என்பதையும் பனியன்நகர் சேர்த்துச் சொன்னால் நல்லது.